நிமிர்ந்து ஏறியவர்

செங்கல்பட்டில் எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே அவரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மறைமலைநகர் கம்பெனி ஒன்றின் நீலச் சட்டை. பெஞ்சு காலியாக இருந்தும், சுவரில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டே இருந்தார். எனக்கும் இடுப்பு வலிதான். "உட்காருங்களேன்" என்றேன்.

"குந்தினா தூக்கி வுட ரெண்டு ஆளு வோணும் சார்."

உள்ளே டாக்டர் அவரைத் திட்டியது வெளியே கேட்டது. எடை தூக்கக் கூடாது, இடுப்பு பெல்ட்டைக் கழற்றவே கூடாது.

பிறகு இருவரும் ஒரே நிறுத்தத்தில் நின்றோம். கம்பெனி பஸ் தூரத்தில் தெரிந்ததும் சட்டையைத் தூக்கி, பெல்ட்டைப் பர்ரென்று பிரித்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தார்.

"கழற்றக் கூடாதுன்னாரே?"

"நாங்க காண்ட்ராக்ட் ஆளுங்க சார். இத்தப் பாத்தாங்கன்னா நாளைக்கி என் மிஷின்ல வேற ஒருத்தன் நிப்பான்."

பஸ் வந்தது. கம்பியைக்கூடப் பிடிக்காமல் நிமிர்ந்து ஏறினார். உள்ளே யாரோ ஏதோ சொல்ல, சிரித்தார்.

இப்போதெல்லாம் கம்பெனி பஸ் நின்றால், நிமிர்ந்து ஏறுகிறவர்களைத்தான் பார்க்கிறேன். எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை இருக்கிறது.