தொண்ணூற்றெட்டாவது பாலாடை

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நூறு’. பழுது நீக்கிய லிஃப்டை மற்றவர்கள் பத்துத் தடவை ஏற்றி இறக்கிவிட்டுச் சோதனை அட்டையில் கையெழுத்துப் போடுவார்கள். இவர் நூறு தடவை ஓட்டுவார். தொண்ணூற்றொன்பதில் கதவு முனகினாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். இருபத்தாறு வருஷமாக அவர் கையெழுத்துப் பொய்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குப் பாலாடையைக் கண்டாலே குமட்டும். வடிகட்டினால் இழை இழையாகக் கிழிந்து டம்ளரில் இறங்கிவிடும். எனவே பழைய பிரிண்டர் மோட்டாரையும் துளைக் கரண்டியையும் சேர்த்து ஒரு ரோபோ கை செய்தார். பால் ஆறும் பத்து நிமிஷத்தில் அவர் சவரம் செய்துகொள்வார். நேரமானதும் கை தானே குனிந்து, ஆடையை அள்ளிப் பக்கத்துக் கிண்ணத்தில் போடும். அதற்கும் ஓர் அட்டை தொங்கியது. நூறு நாள் பிசகில்லாமல் ஓடினால்தான் கையெழுத்து.

தொண்ணூற்றேழாம் நாள் துண்டு பட்டுக் கிண்ணம் கீழே விழுந்தது. உள்ளே ஈரமே இல்லை. டம்ளரில் பாலோ சுத்தமாக இருந்தது. அவருக்குச் சுருக்கென்றது. குமட்டலுக்குப் பயந்து இத்தனை நாளில் ஒருதரம்கூடக் கிண்ணத்தை எட்டிப் பார்த்ததில்லை!

மறுநாள் தொழில் புத்தியைக் காட்டினார். முடுக்கிய போல்ட்டை யாராவது திருகினால் தெரியட்டும் என்று குறுக்கே பெயின்ட் கோடு இழுப்பது வழக்கம். அதேபோல டம்ளருக்கும் அது நிற்கும் ரோபோவின் பீடத்துக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டுச் சவரத்துக்குப் போனார். வந்து பார்த்தால் கோடு ஒரு விரல் விலகியிருந்தது.

இரண்டு மாதமாக வீட்டில் தங்கியிருந்த மனைவியின் தம்பி மேல்தான் முதல் சந்தேகம்.

“மாப்ளே, டம்ளரைத் தொட்டியா?”

“எனக்கெதுக்கு மாமா உங்க பாலு? அந்தக் கை என் மூக்கைப் பிடிச்சு இழுத்துடுமோன்னு நானே ஒதுங்கிப் போறேன்.”

அவன் உதட்டை உற்றுப் பார்த்தார். ஒன்றுமில்லை. திரும்பினார். மனைவியின் உதட்டோரம் ஒரு சர்க்கரைத் துணுக்கு மின்னியது.

“ஆமா, நான்தான்” என்றாள் அவள். “கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க ஒதுக்குற ஆடையைச் சக்கரை தொட்டுத் தின்னுட்டு வரேன். உங்க கரண்டியில மெஷின் எண்ணெய் வாடை. அது தொட்டதை யார் வாயில வைப்பா? அதான் அது குனியறதுக்கு முன்னாடியே நான் எடுத்துடுறேன்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மூணு நாளாத்தான்.” முகத்தைக் காட்டாமல் பாத்திரம் தேய்க்கத் திரும்பிக்கொண்டாள்.

“மூணு நாளைக் கழிச்சிட்டுக் கையெழுத்தைப் போடுங்க மாமா” என்றான் தம்பி.

“அப்படிக் கழிச்சுப் போட்ட லிஃப்ட்ல நீ ஏறுவியா?”

அவர் அட்டையில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டுப் பூஜ்யம் எழுதினார். கரண்டியை மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தார். மூட்டிலிருந்த எண்ணெயை ஒட்டத் துடைத்து மெழுகு பூசினார்.

மறுநாள் சவரத்தைத் தள்ளிவைத்து, மூக்கைப் பொத்தியபடி பக்கத்திலேயே நின்றார். கை குனிந்தது. ஆடை கிழியாமல் முழுசாக எழும்பி, ஆடி, கிண்ணத்தில் விழுந்தது. குமட்டலை விழுங்கிக்கொண்டு அட்டையில் ‘ஒன்று’ என்று எழுதினார்.

மனைவி கிண்ணத்தை மோந்து பார்த்தாள். கரண்டியையும் மோந்து பார்த்தாள். பிறகுதான் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

அதற்கடுத்த நாள் முதல் அவர் குளியலறைக் கதவைத் திறந்துவைத்தே சவரம் செய்தார். கண்ணாடி, சமையலறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.