அக்காவின் பதிவு

காலை ஏழு இருபது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கல்லூரி அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் மதகு. மதகுச் சுவரில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து ரப்பர் செருப்பில் நடந்து வந்து, ஓடையில் கால் கழுவி, பையிலிருந்து வெள்ளைச் சப்பாத்தை எடுத்துப் போடுவார்கள். செருப்புகள் மதகுக்கு அடியில் போய்விடும். யாருடைய செருப்பும் காணாமல் போனதாக எனக்கு நினைவில்லை.

பள்ளிக்கூடம்தான், பெயர்ப்பலகையில் கல்லூரி என்று இருந்தது. இரண்டு நீளக் கட்டடங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, பலகைத் தட்டி வைத்து மறித்த வகுப்புகள். தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பு படித்தேன். ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். உயர்தரத்தில் பதினொரு பேர். இடையில் குறைந்தவர்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். பையன்கள் கொழும்புக் கடைகளில் இருந்தார்கள். பெண்கள் கொழுந்து பறிக்கும் மலையிலோ கொழும்பு வீடுகளிலோ இருந்தார்கள். மிஞ்சிய பதினொரு பேரில் எட்டுப் பேர் பெண்கள். எல்லாரும் கலைப்பிரிவு, வேறு பிரிவு அங்கே இல்லை.

பிள்ளைகளைப் பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடலாம். மேல் டிவிஷன் பிள்ளைகளின் புத்தகப் பைகள் எப்போதும் ஈரமாக இருக்கும், அங்கே பனி ஒன்பது மணிவரை விலகாது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பிள்ளைகள் குறுக்குப் பாதையால் வருவார்கள், சட்டைக் கையில் தேயிலைச் செடி கீறிய கோடுகள் இருக்கும். நான் ஹாலிஎல கடைவீதியில் வளர்ந்தவன், பஸ்ஸில் வருகிறவன். என்னிடம் இருந்த ஒரே வித்தியாசம் சிங்களம்.

எங்கள் வகுப்பில் மிகச் சிறியவளாக ஒருத்தி இருந்தாள். முன் வாங்கில் உட்கார்ந்தாலும் மேசைக்கு மேல் தலை மட்டும்தான் தெரியும். பெண்கள் அவளை நர்சரி என்று கூப்பிட்டார்கள்.

"ஏய் நர்சரி, பெஞ்சு மேல ஏறி நில்லுடி. நீ வந்திருக்கிறதே சேருக்குத் தெரியாது."

"தெரியாட்டிப் போகுது. தெரிஞ்ச ஒங்களத்தானே தெனமும் எழுப்பி நிக்க வைக்கிறாரு."

அளவையியலில், அந்தத் தர்க்கப் பாடத்தில், அவளைத் தொட எங்களில் ஆள் இல்லை. ஆசிரியர் கரும்பலகையில் மூன்று வரி எழுதி முடிப்பதற்குள் நாலாவது வரியைச் சொல்லிவிடுவாள். மதியம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே எங்களுக்கு அதைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பாள். அவளுடைய தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு யாரும் போனதில்லை. இவள் போவாள் என்று ஆசிரியர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

உயர்தரப் பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அது இல்லாதவர்களுக்குக் கல்லூரி அதிபர் படம் ஒட்டி உறுதிப்படுத்தித் தரும் கடிதம் வேண்டும். எங்கள் அட்டை விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே கட்டாகப் போயின. அவளுடையது மட்டும் திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழின் மடிப்பில் பிறந்த திகதி அழிந்திருந்தது. பதுளை அலுவலகத்துக்குத் தாயை அழைத்து வந்து திகதியை உறுதிப்படுத்தச் சொல்லியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரரான அதிபர் என்னைக் கூப்பிட்டார். "நீர் சிங்களம் வடிவாக் கதைப்பீர்தானே? தாயோட நீரும் ஒருக்கால் போம். அவையள் சொல்லுறதை அப்பிடியே மாத்திச் சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மே மாதம். பதுளையில் அந்த அலுவலகத்தில் எங்கள் முறை வந்தபோது பத்தேகால். அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். தாய், மகள், நான், மூவரையும் உட்காரச் சொன்னார். தாய் உட்காரவில்லை. அவர் விண்ணப்பத்தில் எழுதியிருந்த திகதியைப் படித்து, சரிதானா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். தாய் தலையாட்டினாள். அவர் முத்திரையைக் கையில் எடுத்தார். பிறகு மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பத்தொன்பது வயதா, என் வீட்டுக் கடைக்குட்டி மாதிரி இருக்கிறாளே என்றார். அது கேள்வியல்ல, வெறும் பேச்சு. அதையும் நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்.

தாயின் முகம் மலர்ந்தது. ஓர் அலுவலகத்தில் ஒருவர் தன் பிள்ளையைப் பற்றிச் சிரித்துப் பேசியது அவளுக்கு அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

"இல்லீங்க ஐயா, இவளுக்குப் பதினேழுதான். இந்தப் பதிவு மூத்ததோடதுங்க. அது மூணு மாசத்துல போயிருச்சு. சாமிக்கு நேந்த பேருங்க, விட மனசில்ல, இவளுக்கும் அதையே வச்சோம். இவ லயத்து வீட்டுலயே பொறந்தா, பதிவு எடுக்கல. பேரு ஒண்ணுதானேன்னு ஸ்கூலுக்கு அதையே குடுத்துட்டோம்."

மகள் தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் பார்த்தேன். அதிகாரி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறார், என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த வரி எனக்குப் பஸ்ஸில்தான் தோன்றியது. அங்கே, தாய் சொன்ன ஒழுங்கிலேயே முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். மூன்று மாதம் என்பதைக்கூட விடவில்லை.

அவர் முத்திரையை மேசையில் வைத்தார். மூத்த பிள்ளையின் மரணம் பதியப்பட்டதா என்று கேட்டார்.

"அத தோட்டத்துல எழுதிட்டாங்களே," என்றாள் தாய்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு தடவை நிதானமாக விளக்கினார். இந்தச் சான்றிதழுக்கு உரியவர் உயிரோடு இல்லை. இந்தப் பிள்ளைக்கு முதலில் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குச் சத்தியக் கடதாசிகள் வேண்டும், அது கொழும்புக்குப் போய் வர வேண்டும், எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. தெரிந்த பிறகு தன்னால் ஒப்பமிட முடியாது. நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன்.

"ரெண்டும் எம்புள்ளதானேங்க. இதுல என்னா தப்பு கெடக்கு?" என்று தாய் அவரிடம் தமிழிலேயே கேட்டாள். அதை மட்டும் நான் சிங்களத்தில் மாற்றிச் சொல்லவில்லை.

விண்ணப்பத்தின் மூலையில் அவர் சிவப்பு மையில் காரணத்தை எழுதி அதிபருக்குத் திருப்பினார்.

பஸ்ஸில் தாய் என்னைக் கேட்டாள். "தம்பி, அவருகிட்ட நீ என்னா சொன்ன?"

"நீங்க சொன்னததான் சொன்னேன்."

டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே, "ஆமா, நாந்தான் சொன்னேன்," என்றாள்.

மகள் ஜன்னல் பக்கம் இருந்தாள். இறங்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பக்கம் திரும்பினாள். "எங்கக்கா மூணு மாசந்தான் இருந்திச்சு. ஆனா பாரு, ஓஎல் பரீட்சையில எல்லாப் பாடமும் அதுதான் பாஸ் பண்ணியிருக்கு." சிரிப்பதற்காகத்தான் சொன்னாள்.

அதிபர் சிவப்பு மையை நின்றபடியே படித்தார். கடிதம் தருவீர்களா என்று அவள் கேட்டாள். "தெரியாமல் இருந்திருந்தால் தந்திருப்பன் பிள்ளை. தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடி ஒப்பம் போடுறது?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கனநேரம் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் வகுப்பில் இன்னொருவனும் செத்துப்போன அண்ணனின் பதிவில்தான் படித்தான். அதைப் பின்னாளில் அவனே என்னிடம் சொன்னான். அவனுடைய சான்றிதழின் மடிப்பில் எதுவும் அழியவில்லை. அவன் தாயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு அட்டை வந்தது.

ஜூலை கடைசிவரை அவள் வகுப்புக்கு வந்தாள். மதியத்தில் எங்களுக்கு அளவையியல் சொல்லிக் கொடுத்தாள். ஒருநாள் வேண்டாம் என்று தடுத்தேன். "ஒனக்குத்தான் இன்னும் வெளங்கலியே, உக்காரு," என்றாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் பரீட்சை. பெயர்கள் பல மாதங்களுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்ததால், பதுளை மண்டபத்தில் அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசையும் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால், அதே வரிசையில். முதல் நாள் அளவையியல். வினாத்தாள் கொடுத்து அரை மணி நேரம் கழிந்ததும் மேற்பார்வையாளர் அந்த மேசைக்கு வந்தார், வினாத்தாளை எடுத்துக்கொண்டார், வரவு இடாப்பில் சமூகமளிக்கவில்லை என்று எழுதினார்.