ஏழு பதக்கமும் ஒரு புகார் மேஜையும்

விளையாட்டு வீராங்கனையாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளத்தை மட்டும் வேறு வேலைக்குக் கொடுப்பார்கள். ஒரு திறமைக்காக எடுக்கப்பட்டு, அந்தத் திறமைக்கு ஒரு வேலையும் இல்லாத இடத்தில் உட்காரவைக்கப்பட்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் தேயிலை எஸ்டேட் பிள்ளை. கான்வென்ட் சிஸ்டர்கள் ஓடக் கற்றுத் தந்தார்கள். முழங்கால் வெளியே தெரிவது பாவம் என்றும் அவர்களே சொல்லித் தந்தார்கள். பாவத்தைச் சட்டுப்புட்டென்று முடித்துவிடலாமே என்று ஓடியதில், நானூறு மீட்டரில் ஏழு வெளிநாடுகளில் ஏழு பதக்கம் சேர்ந்துவிட்டது. அதற்குப் பரிசாகச் சித்திரபுரத்துப் பக்கம் ஒரு சர்க்கார் வேலை. இலாகாவின் பெயர் வேண்டாம்; கரண்டு போனால் நீங்கள் யாரைத் திட்டுவீர்களோ, அவர்கள்தான் நாங்கள்.

வேலை இரண்டு வருஷத்துக்குத் தற்காலிகம். அதற்குள் இலாகா ஓட்டப்பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நிரந்தரம். வராவிட்டால் வேலையும் இல்லை, வேலையோடு வந்த குவார்ட்டர்ஸும் இல்லை. நடுவில் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு சிம்னி விளக்கில் இதை எழுதுகிறேன். குவார்ட்டர்ஸில் கரண்டு இல்லை.

உண்மை நகல்

சேர்ந்த அன்று ஏழு பதக்கங்களையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனேன். எங்கள் ஹெட் கிளார்க் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். ஆபீஸே அவரைச் சாமி என்றுதான் கூப்பிடும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஃபைலில் வைக்க ஒரிஜினல் ஆகாது, கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட உண்மை நகல் வேண்டும் என்றார். பதக்கத்துக்கு எங்கே போய் நகல் எடுப்பது? பிள்ளைகள் காசின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்குமே, அப்படி ஏழு தாளில் தேய்த்தேன்.

பக்கத்தில் இருந்த ஒரே கெஜட்டட் ஆபீசர், மாட்டு டாக்டர். ஆறு தாளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டவர் ஏழாவதில் பேனாவை மூடிவிட்டார். அதில் இருந்த எழுத்து தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. இருப்பதிலேயே இதுதான் தங்கம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அன்றிலிருந்து சர்க்கார் ஃபைலில் எனக்கு ஆறு பதக்கம்தான். டாக்டர் சொன்னது இது: "தங்கமாவே இருக்கட்டும்மா. வாசிக்கத் தெரியாத எழுத்துக்கு நான் எப்படிச் சாட்சி சொல்ல? ஒரு மாட்டைக் கூட்டிட்டு வாங்க, இப்பவே ஊசி போடுறேன்."

படத்தில் இருப்பவள்

எனக்குத் தந்தது புகார் மேஜை. ஓடத் தெரிந்தவளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை நாற்காலியில் உட்காரவைப்பதில் ஏதோ ஒரு ஞாயம் இருக்கத்தான் வேண்டும். என் தலைக்கு மேலே, நெஞ்சால் நாடாவை அறுக்கிற என் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். அதற்குக் கீழே ‘புகார்கள் இங்கே’ என்று ஒரு பலகை.

ஒருநாள் மாவு மில்காரர் ஒருவர் வந்தார். மிளகாய் பாதி அரைபடும்போது கரண்டு போய்விட்டதாம். லைன்மேன் பள்ளிவாசல் பவர்ஹவுஸில் இருக்கிறார், ஜீப் ரிப்பேர், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, அது நீங்கதானே? ஜீப் எதுக்கு? லேசா ஒரு ஓட்டம் ஓடி அந்தாளைக் கையோட இழுத்துட்டு வந்திருங்களேன்." நான் எழுந்து நின்றேன். அப்போது எனக்கு எட்டாம் மாசம். வயிற்றைப் பார்த்ததும் அவர் குரலில் இரக்கம் வந்துவிட்டது. "அடடா, தெரியாமப் போச்சு. அப்ப நீங்க நடந்தே போயிட்டு வாங்க."

பொன்னாடை

என் புருஷன் எஸ்டேட் தேயிலையை லாரியில் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகிறவர். அந்தப் பழக்கத்தில், பொள்ளாச்சியை அடுத்த கொழிஞ்சாம்பாறை விவசாயிகள் சிலர் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மூன்று மாசக் குழந்தையோடு மேடையில் உட்கார்ந்தேன். ஆம்பிளை கையால் பொம்பளைக்குப் பொன்னாடை போர்த்தினால் நன்றாக இருக்காது என்று கடைசி நிமிஷத்தில் யாருக்கோ தோன்ற, அதை என் புருஷனுக்குப் போர்த்திவிட்டார்கள். தெருமுனையில் பீடி வாங்கவும் லாரியை எடுக்கிற மனுஷன், விளையாட்டுத் துறைக்கு ஆற்றிய தொண்டுக்காகக் கும்பிட்டு நின்றார். படமும் எடுத்தார்கள். நான் அதில் பாதி தெரிகிறேன்.

சாப்பாட்டுப் பந்தியில் விழா வைத்தவர் ஒருவரின் வீட்டம்மா என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். வெகுநேரம் மனசுக்குள் வைத்திருந்த கேள்வி போல, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, அத்தனை நாட்டுக்குப் போயி அத்தனை வேகமா ஓடுனீங்களாமா. உங்களை ஆருங்க தொரத்துனது?"

மெமோ

பாப்பாவுக்கு ஏழு மாசமானபோது மெமோ வந்தது. மூன்று வாரத்தில் பந்தயம். மறுநாள் விடியலில் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரோட்டில் ஓடிப் பார்த்தேன். நூறு மீட்டரில் மூச்சு முட்டியது. இருநூறில் ரவிக்கை பாலில் நனைந்தது. கால்கள் யாரோ இரவல் தந்தவை மாதிரி இருந்தன. மழைக்காலம் வரப்போகிறது. குவார்ட்டர்ஸ் போனால் புருஷன் லாரியில் படுத்துக்கொள்வார். பிள்ளையை நான் எங்கே படுக்கவைப்பேன்? இந்த ஒரு இடத்தை மட்டும் எனக்குக் கேலியாக எழுத வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஒரு வருஷம் தள்ளித் தரச் சொல்லி எஞ்சினீயர் முன்னால் போய் நின்றேன். மலையாளத்துக்காரர், தங்கமான மனுஷர், மேஜையில் காந்தி படம் உண்டு. விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "பிரசவத்துக்கு லீவு தந்நு. பிரசவமும் கழிஞ்ஞு. இனி ஓடறதுக்கு என்னா தடை?"

கோட்டுக்கு அந்தப் பக்கம்

பந்தயத்தன்று புருஷன் பொள்ளாச்சி லோடில். பாப்பா புட்டிப்பால் குடிக்க மாட்டாள், அதனால் மைதானத்துக்கே தூக்கிப் போனேன். அங்கே சும்மா இருந்த கைகள் சாமியுடையவை மட்டும்தான். முடிவைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று என் ஃபைலோடு வந்திருந்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நூல் அவிழ்ந்த இன்னொரு ஃபைலை வாங்குவது போலக் குழந்தையை வாங்கி, முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

துப்பாக்கி வெடித்தது. பாப்பா பயந்து வீறிட்டாள். எனக்கு முன்னால் யார் ஓடினார்கள், பின்னால் யார் வந்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஏழு நாடுகளில் நாடாவைப் பார்த்து ஓடியவள், அன்றைக்குச் சிவந்து திறந்த ஒரு சின்ன வாயைப் பார்த்து ஓடினேன். கோட்டில் நிற்கவில்லை. அவளைப் பறித்துக்கொண்டு, அடுக்கியிருந்த கரண்டுக் கம்பங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பால் கொடுத்தேன். எத்தனாவது என்று கேட்கவும் பயம்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாமி வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சட்டை நெஞ்சிலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தது, பாப்பாவின் உபயம். "ரெண்டாவது. நானே எழுதிட்டேன், எஞ்சினீயர் ஒப்பும் வாங்கியாச்சு. வேலை உனக்குத்தான், அழாதே" என்றார். போகப் போனவர், நினைவு வந்து நின்றார். "சார் ஒண்ணு சொல்லச் சொன்னார். அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட்டே வரணுமாம். அதனால கைக்குழந்தை ஒண்ணு கட்டாயம் இருக்கணுமாம், கேட்டியோ?"

அடுத்த வருஷத்துக்குள் இவள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் சாட்சியில்லாமல், பொன்னாடையில்லாமல், உண்மை நகலும் இல்லாமல் வருஷம் முழுக்க அவள் பின்னால் ஓடப்போகிறவள் நான்தான்.