அத்தைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் ஏசி அறையில் உட்கார வைத்து நல்ல விஷயங்கள் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த வருடம் பாலின அடையாளமும் பாலீர்ப்பும். வந்திருந்த பெண் நல்ல பொறுமைசாலி. ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உள்ளுக்குள் உணர்வது ஒன்று, அவர் மனம் யார் மேல் போகிறது என்பது இன்னொன்று, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார். திருநங்கை, திருநம்பி என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து விளக்கினார். எனக்குப் பக்கத்தில் இருந்த கணக்குப் பிரிவுக்காரர் வடையைக் கடித்தபடி, "மனுஷனை மனுஷனாப் பாத்தா போதாதா? எதுக்கு இத்தனை பேரு வச்சுக்கிட்டு?" என்றார். நல்ல மனிதர்தான். கேள்வியிலும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெயர் இல்லாத வீட்டில் வளர்ந்தவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

எனக்கு அப்போது ஏழு வயது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழையிலை வியாபாரம். தாத்தா ஜீயபுரத்தில் வாழைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கி, எங்கள் வீட்டை ஆண்டுகொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் சித்தப்பாவின் போட்டோ மாட்டியிருந்தது. அப்பாவுக்கு ஒரே தம்பி. அரும்பு மீசை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, யாரோ கட்டாயப்படுத்தி நிற்க வைத்தது போன்ற முகம். பம்பாயில் கம்பெனி வேலை என்றார்கள். பொங்கலுக்கும் வரமாட்டார், தீபாவளிக்கும் வரமாட்டார். பம்பாயில் லீவே விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று அவர் மேல் எனக்கு ஒரு பரிதாபம் உண்டு.

சித்தப்பா போட்டோவில் இருந்தார் என்றால், அத்தை வளையல் கடையில் இருந்தாள்.

மாதத்தில் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவாள். ரவிக்கைத் துணி எடுக்கப் போவதாகத் தாத்தாவிடம் சொல்வாள். மெயின் கார்டு கேட்டில் இறங்கித் தெப்பக்குளம் பக்கமாக நடந்தால் வரிசையாக வளையல் கடைகள். அதில் ஒன்றின் வாசலில் அத்தை எங்களுக்கு முன்பே வந்து காத்திருப்பாள். நல்ல உயரம். பெரிய கைகள். ஆனால் அந்தக் கைகள் என் மணிக்கட்டில் கண்ணாடி வளையல் ஏற்றும்போது ஒருநாளும் வலித்ததில்லை. அம்மா ஏற்றினால் நான் ஊரைக் கூட்டுவேன். இடுப்பைத் தாண்டிய பின்னல், நுனியெல்லாம் மருதாணிச் சிவப்பு. பார்த்த உடனே, "வாங்க அண்ணி" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்த கையை வெகுநேரம் விடமாட்டாள்.

முதல் தடவையே, "இவங்க யாரும்மா?" என்று கேட்டேன்.

"உனக்கு அத்தை. அப்பாவுக்குத் தங்கச்சி."

"அப்ப ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்ல?"

"அப்பாவோட சண்டை. வீட்ல போய் வாயத் தொறந்த, அடுத்த தடவை கூட்டிட்டு வரமாட்டேன்."

அண்ணன் தங்கை சண்டை எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஒரு கிணற்றுப் பங்குக்காக வையம்பட்டியில் இருந்த அக்காவோடு பல வருடமாகப் பேசாமல் இருந்தார். அதனால் இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு சண்டை இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தையின் குரல் மட்டும் கரகரவென்று இருக்கும். சளி பிடித்திருக்கிறது என்றாள் அம்மா. நானும் நம்பினேன். மழைக்காலத்திலும் சளி, சித்திரை வெயிலிலும் சளி. பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் இஞ்சி போட்ட இருமல் மிட்டாய் விற்பார்கள். அதை வாங்கி வைத்திருந்து வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். அத்தை அதை வாயில் போட்டுக்கொண்டு, "தொண்டை இப்பவே தேவலாம் தங்கம்" என்பாள். அம்மா வேறு பக்கம் பார்ப்பாள்.

ஒருமுறை, "நீங்க அப்படியே போட்டோல இருக்கற சித்தப்பா மாதிரியே இருக்கீங்க" என்று சொன்னேன். அத்தை சிரித்தாள். அப்புறம், "ஒரே வயித்துல பொறந்தவங்கதானே" என்றாள். அடுத்து, "அந்தப் போட்டோவ இன்னும் எடுக்கலையா அண்ணி?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும். கோடி என்பார்கள். அது வந்து உடம்பின் மேல் விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். எவ்வளவு பெரிய வெட்டுக்குத்து இருந்தாலும் கோடி மட்டும் வந்துவிடும். வராவிட்டால் அவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று பொருள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜவுளிக்கடை வாசலில் தொங்கிய புடவைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே அத்தை அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அண்ணி, நான் போனா நம்ம வீட்லேருந்து ஒரு கோடி வரணும். வேற எதுவும் கேக்கமாட்டேன்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"சரின்னு சொல்லுங்க."

"சரி, சொல்லிட்டேன். போதுமா?"

அத்தை அதோடு விடவில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துக் காட்டி, "இந்த மாதிரி" என்றாள். அம்மா சட்டென்று அந்தப் புடவையையே வாங்கிவிட்டாள். அத்தையின் கையில் கொடுக்காமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை பீரோவில் எல்லாத் துணிக்கும் அடியில் வைத்ததை நான் பார்த்தேன். அத்தை நம் வீட்டுக்கு வரும் அன்று கட்டிக்கொள்ளத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் எதிர்வீட்டு அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைப் பாதியில் கூட்டிப்போனாள். சந்து முனையிலேயே பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. நடுவில் கூடத்துப் போட்டோ. பின்னால் மேகம் போட்டு, அரும்பு மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கி, மார்க்கெட் நண்பர்களின் பெயரெல்லாம் அடித்திருந்தார்கள். பைபாஸில் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது என்று அக்கா சொன்னாள். பையில் இருந்த அடையாள அட்டையில் தாத்தா பெயரும் எங்கள் விலாசமும் இருந்ததால் போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பம்பாயில் இருப்பவர் திருச்சி பைபாஸுக்கு எப்போது வந்தார் என்று நான் கேட்டேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கூடத்தில் ஐஸ் பெட்டி. வெள்ளைச் சட்டை, எட்டு முழ வேட்டி, ஒட்ட வெட்டிய தலை. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது, ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது. போட்டோவைவிட வயதாகியிருந்தார் சித்தப்பா. எனக்கு அழுகை வரவில்லை. பார்த்தே இராத மனிதர். கூடத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு ராகத்தில் அழுதார்கள். அம்மா மட்டும் அழாமல் தூணை ஒட்டி நின்றாள். அவளைப் பார்த்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் செத்துப்போய்விட்டார், தங்கை எங்கே?

"அம்மா, அத்தைக்கு யாரும் சொல்லி அனுப்பலையா?"

ஒப்பாரி ஒரு கணம் நின்றது. "எந்த அத்தை? இவ அப்பனுக்கு ஏது கூடப்பொறந்தவ?" என்றாள் ஒரு கிழவி. அம்மா என் வாயைப் பொத்தினாள். வாசற்படியில் நின்ற அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்காமல் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் குனியவில்லை. நேராக உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். மாம்பழ மஞ்சள் புடவையோடு வந்து தாத்தாவின் முன்னால் நின்றாள்.

"மாமா, இத மேல போட்டுடலாம். போட்டு மூடியாவது கொண்டுபோங்க."

"யாருக்குக் கோடி? செத்தது என் புள்ள."

"வாக்குக் குடுத்துட்டேன் மாமா."

"என்னக் கேட்டா குடுத்த? ஊரே பாக்குது. உள்ள போ."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அவர் வெளியே போய், போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். புடவை மடிப்புக் கலையாமல் பீரோவுக்கே திரும்பிப் போயிற்று. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அம்மா அதைக் கட்டவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. எனக்குப் பதினைந்து வயதானபோது அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதுகூட அவளிடம் திருநங்கை என்ற சொல் இல்லை. "அவ பொண்ணுடி. யாரும் ஒத்துக்கல" என்றாள். தாத்தாவிடம் இருந்த சொற்களை இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: புடவையை வெளியே எடுத்துவிட்டார்கள், அப்படியென்றால் அத்தை வரப்போகிறாள். புத்தகப்பையில் இருந்த இருமல் மிட்டாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சந்து முனையில் ஆட்டோவில் வந்து இறங்கிய நாலைந்து பெண்களை ஆட்கள் மறித்து நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி மாலை வைத்திருந்தாள், ஒருத்தி ஒரு புதுப்புடவை. "மாலையக் குடுத்துட்டுப் போங்க. உள்ள வேணாம்" என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களுக்கும் அத்தையைப் போலவே சளி பிடித்த குரல். அதனால் அவர்களுக்கு அத்தையைத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. கிட்டே போய்க் கேட்டேன்.

"எங்க அத்தையப் பாத்தீங்களா?"

புடவை வைத்திருந்தவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். கை வளையல்களைப் பார்த்தாள். "மிட்டாய்ப் பாப்பாவா நீ?" என்றாள். பிறகு, "அத்தை உள்ளதான் இருக்கா தங்கம். போய்ப் பாத்துட்டு வா" என்றாள். அதற்குள் யாரோ என் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் தள்ளினார்கள்.

உள்ளே ஓடினேன். கூடத்தில் அழுகிற முகம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடுக்களையில் பார்த்தேன். அறையில் பார்த்தேன், அம்மா மட்டும் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், உடம்பைக் குளிப்பாட்டிய தண்ணீர் இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தில் ஒரு பழைய பேப்பரில் பாதி சுற்றியும் சுற்றாமலும் நீளமான பின்னல் கிடந்தது. நுனியெல்லாம் மருதாணிச் சிவப்பு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அத்தை வந்திருக்கிறாள்.

வந்து, அண்ணனுக்காக முடியைக் கொடுத்துவிட்டு, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் போய்விட்டிருக்கிறாள். என்னைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை எத்தனை மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அன்று நான் அழுதது அப்போதுதான். முன்பக்கம் சங்கு ஊதினார்கள். சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்களெல்லாம் காவிரிக்கரைக்குப் புறப்பட்டுப் போனார்கள். இனிமேல் அத்தையோடு பேசுவதே இல்லை என்று முடிவு செய்தேன். கல்லின் மேல் உட்கார்ந்து, அவளுக்கென்று வைத்திருந்த மிட்டாயைப் பிரித்து நானே தின்றேன்.