முள்மரத்தில் சிவப்புத் துணி

எங்கள் அம்மா எதற்கும் இலேசில் பயப்படுகிறவர் அல்ல. போர்க்காலத்தில் செல்லடிக்குள்ளால் ஓடி வந்தவர். நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவே கார் ஓட்டப் பழகியவர். அப்படிப்பட்டவர் ஒரு மரத்துக்குப் பயந்ததை நான், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஸ்ரௌவ்வில் என்ற சிற்றூரில்தான் பார்த்தேன்.

நாங்கள் அங்கே புது வீடு வாங்கிக் குடிபோன வருஷம் அது. பக்கத்து வீட்டில் அயர்லாந்துக்காரர் ஒருவர் தனியே இருந்தார். நாங்கள் அவரை அங்கிள் என்போம். எங்கள் ஆட்களுக்கு ஊர்ச் சங்கம் இருப்பதுபோல அவருடைய சின்ன ஊர்க்காரருக்கும் ஒன்று இருந்தது. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, தெரு முடிகிற இடத்தில் கல்லறைகள் நிறைந்த பழைய சவக்காலையில் கூடுவார்கள். அதன் மதிலோரம் ஒரு முள்மரம் நின்றது. அதைச் சுற்றி வந்து, செபம் சொல்லி, நோயில் கிடக்கிற வருத்தக்காரரின் பேரில் கந்தல் துணி கட்டுவார்கள். பிறகு அங்கேயே தேத்தண்ணீர், சாண்ட்விச், பாட்டு, ஊர் வம்பு. எங்கள் ஒன்றுகூடலில் ஆட்டிறைச்சிக் கறி இருக்கும். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அங்கிள் எங்களையும் அழைத்திருந்தார். தம்பிக்கு அப்போது நாலு வயது, கடும் முட்டு. மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். மரத்தைக் கண்டதும் அம்மா ஒருவரிடமும் விளக்கம் கேட்கவில்லை. நேர்த்தி வைக்கிற மரம் எதுவென்று அவருக்குத் தெரியாதா என்ன! அடுத்த நாளே, கோயில் திருவிழாவுக்கென்று வைத்திருந்த புதுச் சிவப்புப் பட்டுச் சேலையில் கரையோடு ஒரு துண்டு கிழித்துக் கொண்டுபோய்க் கட்டினார்.

"உவையள் கந்தலைக் கட்டியிருக்கினம். தெய்வத்துக்குப் பழசைக் குடுக்கிறதே?" என்றார்.

அங்கிள் அதைக் கண்டபோது அவருடைய முகம் வெளிறிப்போனது. அம்மாவுக்கும் அவருக்கும் நடுவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். வருத்தக்காரர் உடுத்த பருத்தித் துணியைத்தான் கட்டவேண்டுமாம். துணி உக்க உக்க வருத்தமும் கரையுமாம். சரி, அவிழ்த்துவிட்டு வேறு கட்டலாமா என்று அம்மா கேட்கச் சொன்னார். அங்கிள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். யார் அவிழ்க்கிறாரோ அவரை அந்த வருத்தம் பிடித்துக்கொள்ளுமாம். நான் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா "ஓமோ" என்றார்.

வெயிலிலும் மழையிலும் மற்றத் துணிகள் நைந்து நூலாகின. எங்களுடையது மட்டும் அன்றைக்குக் கட்டியதுபோலச் சிவந்து கிடந்தது. பட்டென்று சொல்லிக் கடைக்காரர் நைலோனை அம்மாவின் தலையில் கட்டியிருக்கிறார். தம்பியை இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

"உதெல்லாம் மூடநம்பிக்கையப்பா. டொக்ரர் தந்த மருந்தை ஒழுங்காய்க் குடும்," என்றார் அப்பா. ஆனால் அவரும் அந்தச் சவக்காலையைத் தவிர்த்துச் சுற்றுவழியாலேயே வேலைக்குப் போனார்.

நவம்பரில் ஒரு பின்னேரம். முதல் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. துளி காற்றில்லை. அம்மா எங்களைக் கிளினிக்கிலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தார். பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் தம்பியின் நெஞ்சு விசிலடித்தது. சவக்காலை மதிலை நெருங்கியபோது, முள்மரத்தின் வெறும் கிளைகளுக்கு நடுவே சிவப்புத் துணி மெதுவாய் உப்பியது, ஒடுங்கியது, மறுபடி உப்பியது.

"அக்கா, அதுவும் என்னை மாதிரி மூச்சு விடுது," என்றான் தம்பி.

அம்மா காரை நிற்பாட்டினார். எங்களை இறங்கவேண்டாம் என்றார். கோயில் வாசலில் செய்வதுபோலச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பனிக்குள் நடந்தார். முடிச்சு உறைந்து இறுகியிருக்கவேண்டும், விரலுக்கு இளகவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். துணி கையோடு வந்தது. அதைத் தன் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து தம்பியின் பழைய பெனியன் ஒன்றை எடுத்துக் கட்டினார். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். தம்பி நித்திரையாகிவிட்டான்.

தம்பிக்கு மெல்ல மெல்லச் சுகம் வந்தது. மருந்து மாற்றியதால் என்றார் அப்பா. அங்கிள் மரத்துக்கு நன்றி சொன்னார். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

துணியை அவிழ்த்த அன்றைக்கே அவர் வீட்டின் அடியிலுள்ள பேஸ்மென்டில் படுக்கப் போய்விட்டார். கோப்பை வேறு, துவாய் வேறு. தம்பி மடியில் ஏற வந்தால் கையால் தள்ளிவிடுவார். அவன் படியின் மேலே நின்று அழுவான். எனக்கு அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பின்னேரங்களில் நான் வீட்டுப்பாடம் செய்யும்போது, தரையிலுள்ள ஹீட்டர் துவாரத்தால் கீழே அவர் மூச்சு விடுவது கேட்கும். ஆழமாக இழுத்து, கொஞ்சநேரம் அடக்கி, மெதுவாக விடுவார். திரும்பவும் இழுப்பார். விசில் கேட்கிறதா என்று அவர் தன் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மா எங்களோடு கோபம், குழப்படி செய்யாமல் இரு என்று தம்பியிடம் சொன்னேன்.