தங்கேஸ்வரி அக்காவும் பவளத்தின் காசும்

சம்பள நாளன்று காலையில்தான் செய்தி வந்தது. தங்கேஸ்வரி டீச்சர் காய்ச்சலென்று இரண்டு நாள் லீவு போட்டிருந்ததால் அவருடைய தையல் வகுப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றார். "தங்கேஸ்வரி விடியக்காலமை போயிட்டா" என்றார். பிள்ளைகள் கையை நிறுத்தாமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், முன்வரிசைப் பெண் ஒருத்தி நூலில்லாத ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சம்பளப் பதிவேட்டில் என் பெயருக்கு மேலிருந்த வரி கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதன் கீழே என் பெயரை எழுதக் கை கூசியது.

தங்கேஸ்வரி அக்காவும் நானும் நாலு வருடம் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். என் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவர் எனக்கு முன் எவருமில்லை. கொழும்பில் படித்துப் பட்டம் பெற்று வந்திருந்தும், தண்ணீர்ச் செம்பை எட்டித் தரும்படிகூட நான் எவரையும் கேட்கமாட்டேன். "பட்டத்தை எடுத்துக்கிட்டு வாயைக் கொழும்பிலயே விட்டுட்டு வந்திரிக்கா" என்று அக்கா மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டுச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைப்பார்.

இந்த நினைவு மலரை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய மூன்று சேலைகளைப் பற்றியோ, அரைச் சதத்துக்கு அவர் மீன்காரியோடு பிடிக்கும் சண்டையைப் பற்றியோ நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் அந்த மீன்காரி பொறுமையிழந்து, "டீச்சரம்மா, நீங்க எடுக்கிற சம்பளத்துக்கு இந்தக் கதை கதைக்கலாமா?" என்று கேட்டாள். "சம்பளம் என்ட. மீன் உன்ட. ரெண்டையும் ஏன்கா ஒண்டாப் போட்டுக் கலக்கிற?" என்றார் அக்கா. வெள்ளத்தில் அதே மீன்காரியின் குடிசை போனபோது, கூரைக்குக் கிடுகும் கம்பும் வாங்கத் தன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவரும் அவர்தான். கடனாகவா என்று அவள் கேட்டதற்கு, "இது என்ட காசு. நான் குடுத்தா குடுத்ததுதான். கடன் வேணுமெண்டா பவளத்திட்டப் போய்க் கேளு" என்றாராம். மீன்காரி போகவில்லை. எங்கள் பக்கத்தில் துணிச்சலானவர்களும் சட்டென்று போகமாட்டார்கள்.

பவளம் அக்காவின் தங்கை. நான் அவரைக் கண்டதில்லை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அது நடந்தது. பழுகாமத்தில் அவர்களுக்கிருந்த வயலில் அறுவடை பார்க்கப் பவளம் தோணியில் வாவியைக் கடந்திருக்கிறார். அக்கரையில் தோணிக்காரன் இறங்கிக் கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது தோணியில் ஆளில்லை. தோணி ஆடவில்லை. தண்ணீரில் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஆழம் இடுப்பளவுதான். கட்டுச்சோறு, வைத்த இடத்தில் நனையாமல் இருந்தது. ஏழு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் அக்கா தங்கையின் கிரியைகளைச் செய்யவில்லை. தாய்வழியில் வீட்டிலும் வயலிலும் இருவருக்கும் சரிபாதி உண்டு. பவளம் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால் முழுவதும் அக்காவின் பெயருக்கு வந்திருக்கும். பத்திரம் எழுதும் நொத்தாரிசு இரண்டு தடவை வீடு தேடி வந்தும் அக்கா சம்மதிக்கவில்லை. "அவள் செத்தது எனக்குத் தெரியா. வரல்ல எண்டுதான் தெரியும். தெரியாததை நான் எப்படிக் கையெழுத்து வைக்கிற?" என்று கேட்டார். அன்று தொடங்கி ஒவ்வொரு போகத்திலும் பவளத்தின் பாதி நெல்லை விற்ற காசு தனியே ஒரு தகரப் பெட்டிக்குப் போனது. அக்கா நோயில் கிடந்து சம்பளம் வெட்டப்பட்ட மாதங்களிலும் அதைத் தொடவில்லை. வருடப் பிறப்புக்கு மட்டும் அதிலிருந்து ஒரு பச்சைச் சேலை வாங்குவார். "எனக்குப் பச்சை பிடிக்காது. அவளுக்குத்தான் பிடிக்கும்" என்பார்.

அந்தக் காசைக் கடனாகக் கேட்டு வருபவர்களுக்கு அக்கா ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. வாவியைப் பார்த்திருக்கும் பவளத்தின் அறைவாசலைக் காட்டுவார். உச்சிப்பொழுதில் அங்கே நின்று, காசு என்னத்துக்கு, எவ்வளவு, எப்படித் திருப்பித் தருவது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அக்கா குசினியில் சத்தமாகத் தேங்காய் துருவுவார். பிறரின் காசுக் கதையைக் கேட்பது அவருக்குப் பிடிக்காது. கேட்டவர் திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்விதான்: "என்ன சொன்னாள்?" தாறன் என்று பவளம் சொன்னதாக வந்தவர் சொன்னால் அக்கா பெட்டியைத் திறப்பார். மேற்கொண்டு ஒன்றும் விசாரிப்பதில்லை.

சாமித்தம்பி என்ற அவர்களுடைய மச்சான் ஒருவர் இதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்து, "தாறன் எண்டாள் மச்சாள். நூறு ரூபா. சிரிச்சுக்கிட்டே சொன்னாள்" என்றாராம். அக்கா எண்ணிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவர் அந்த நூறையும் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தார்.

"ஏன் மச்சான், வேலை முடிஞ்சுதா?"

"வைங்க."

"என்ன நடந்தது எண்டு சொல்லுங்களன்."

"வைங்க எண்டு சொல்லுறன்தானே!"

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு ஒழுங்கையால் நடக்கவே இல்லை. கடைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவார். அக்கா இதை எங்களுக்குச் சொல்லும்போது சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். கல்வீடாக, ஓடு போட்டுக் கொடுக்கும்படி கேட்டார்கள். வெற்றிலைக் கடை வைத்திருக்கும் அப்பா சுவர் வரைக்கும் எழுப்பிவிட்டார். ஓட்டுக்கும் மரத்துக்கும் நானூறு ரூபாய் குறைந்தது. அம்மாவின் வயலை ஈடு வைக்கவும், விடுதியில் நின்று படிக்கும் என் தங்கை ராசத்தை மறித்து வீட்டில் வைக்கவும் முடிவாயிற்று. ராசம் அப்போது எட்டாம் வகுப்பு. முடிவைக் கேட்டு அவள் அழவில்லை. புத்தகங்களைக் கொண்டுபோய் அயலில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அதைப் பார்க்க முடியாமல்தான், வயலும் ராசமும் தப்பட்டும் என்று, நான் அக்காவிடம் போனேன். என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகக் கடன் கேட்டது அன்றுதான்.

"என்னட்ட இல்ல புள்ள. பவளத்திட்ட இரிக்கு" என்றார் அக்கா.

"அக்கா, எனக்குப் பயமா இரிக்கு."

"அவளுக்கா பயம், கேக்கிறதுக்கா?"

அவர் தேங்காயை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

அறையில் பாய் விரித்த கட்டில் இருந்தது. மடித்த பச்சைச் சேலைகள் யன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வெயில் கொதித்த அந்த மத்தியானத்தில் சீமெந்துத் தரை நனைந்திருந்தது. வாவிப் பக்கத்துக் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் காலடிகள் போயிருந்தன. கட்டிலிலிருந்து திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை. அக்கா தினமும் மத்தியானத்தில் அந்தத் தரையைத் துடைப்பார் என்று ஆசிரியர் அறையில் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். அவரே தண்ணீரை ஊற்றுகிறார் என்று கதைப்பார்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

"எங்கட அப்பா எனக்கு வீடு கட்டுறார்" என்று தொடங்கினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "ஓடு போட நானூறு ரூபா வேணும். மாசம் இருபது ரூபாப்படி என்ட சம்பளத்தில கட்டுவன்."

கட்டில் பக்கத்தில் ஒருவர் பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டதுபோல் கேட்டது. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. துருவும் சத்தம் குசினியிலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். அந்த மூச்சும் காத்திருந்தது. நான் சொல்வதை முடிக்கும்வரைக்கும் ஒருவர் அப்படிக் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதற்கு முன் நடந்ததில்லை.

"ஆனா கலியாணம் முடிஞ்சா எனக்குச் சம்பளம் இல்ல" என்றேன்.

சொல்லும்வரைக்கும் அது எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் தாயார், "எங்கட வீட்டில பொம்பிளை உழைச்சு நாங்க சாப்பிடுற வழக்கமில்ல. கலியாணத்தோட வேலையை விட்டிரவேணும்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. அன்று மாலையே அப்பா என் சம்பளத்தை வைத்துக் கடனுக்குக் கணக்குப் போட்டார். இரண்டையும் கேட்டவர்கள் நாங்கள் நாலு பேர். ஒரு மாதமாக இரவும் பகலும் வீட்டைப் பற்றியே கதைத்தோம். என் சம்பளத்தை நம்பி எழும்பும் அந்த வீடு என் சம்பளத்தையே நிறுத்திவிடும் என்பது ஒருவருக்கும் படவில்லை. அந்த வெற்று அறைக்குத்தான் நான் அதை முதலில் சொன்னேன்.

குசினிக்கு வந்தேன். அக்கா துருவுவதை நிறுத்தினார்.

"என்ன சொன்னாள்?"

"ஒண்டும் சொல்லல்ல அக்கா. நான்தான் சொன்னன்."

"அப்ப காசு?"

"வேணாம்."

அக்கா மற்றப் பாதித் தேங்காயை எடுத்தார். "இரி. சோறு தின்னுட்டுப் போ" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அன்று அவர் எனக்குப் புத்தி சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் நான் அவரை நினைத்திருக்கமாட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் தனியாகச் சொன்னேன். அவர், "அப்ப கடனை ஆரு மனே கட்டுற?" என்று மட்டும் கேட்டார். சாதகம் பொருந்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். அது பொய். அம்மா நாலு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓடில்லாத சுவர்கள் இரண்டு மாரி மழையில் நனைந்து நிற்கின்றன. வயல் ஈடு போகவில்லை. ராசம் கொடுத்த புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போனாள். போன வருடம் அவளுடைய விடுதிக் காசுக்காக நான் மறுபடியும் அந்த வாசலில் நின்று நூறு ரூபாய் கேட்டேன். அன்று அக்காவின் கேள்விக்கு என்னால் "தாறன் எண்டாள்" என்று சொல்ல முடிந்தது. அந்த அறையில் என் காதில் விழுந்தது என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன்.

இறுதிச் சடங்கன்று வீடு நிறைந்த ஆட்கள். அக்காவின் பெரியம்மா மகள் தெய்வானை அக்காதான் எல்லாவற்றையும் பார்த்தார். உச்சிப்பொழுதில் அவர் ஈரத்துணியோடு என்னிடம் வந்து காதுக்குள் சொன்னார்: "புள்ள, ரெண்டு தரம் துடைச்சிட்டன். இது ஆரு ஊத்துற தண்ணி?" நான் பவளத்தின் அறையை எட்டிப் பார்த்தேன். காலடிகள் வாவிக் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் போயிருந்தன. அன்று திரும்பி வந்த அடிகளும் இருந்தன. அவை இரண்டு பேருடையவை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் போகும்போது, மீதிக் கடன் நாற்பது ரூபாயையும் கொண்டுபோனேன். தெய்வானை அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு வேணாங்கா. பெட்டியைக் கோயிலுக்குக் குடுத்தாச்சு. இதை நீயே வெச்சிக்க." தபாற்கந்தோரில் பவளத்தின் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் திறக்கலாமா என்று போய்க் கேட்டேன்.

"கையெழுத்து வைக்க ஆள் வரவேணும். ஆள் எங்க?" என்று அங்கிருந்த எழுதுவினைஞர் கேட்டார்.

"வரல்ல."

"எப்ப வருவா?"

நான் திரும்பி வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கரடியனாற்றிலிருந்து புதிதாக ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடு எப்ப போடுவீங்க?" என்று கேட்டார். அப்பா பதில் தேடி அம்மாவைப் பார்த்தார். உள்ளே நின்ற நான் வெளியே வந்தேன்.

"கடன் எடுத்துத்தான் போடவேணும். அதை என்ட சம்பளத்திலதான் கட்டவேணும். கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவன். அது சரிவராதெண்டா ஓடும் வேணாம், கடனும் வேணாம்."

அம்மா தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றார். வந்த பெண்களில் ஒருவர் வாயெடுத்து, மூடிக்கொண்டார். உயிருள்ள ஆறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழும்பிப் போனார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

தங்கேஸ்வரி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, எவருக்கும் கொடுக்க முடியாத நாற்பது ரூபாய். மற்றது, அன்று அந்த ஆறு பேருக்கும் கேட்ட என் குரல்.