கவிழ்த்து வைத்த யானை

அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். பன்னிரண்டு வயது நான். எனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த தாய்மாமன். எதிரே என் வயதில் ஒரு சேலத்துப் பையன். அவன் நாற்காலிக்குப் பின்னால், சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவனுடைய அப்பா; அத்தா என்று கூப்பிட்டான். கழுத்தில் விசிலோடு நடுவர். வேறு யாரும் இல்லை. பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எதையும் மூன்று தடவை எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இடம் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆளுக்குப் பத்து நிமிடம் என்ற வேக ஆட்டம். முதலிடம் வரும் பிள்ளைக்கு, போட்டியை நடத்திய தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசப் படிப்பு. கடைசிச் சுற்றில் நானும் அவனும். ஜெயிக்கிறவருக்கு அந்த இடம். ஆட்டத்துக்கு முன் நான்கு முறை பாத்ரூம் போய்வந்தேன். ஆனால் காயைத் தொட்டுவிட்டால் பயமெல்லாம் போய்விடும். வேகத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று எனக்கே தெரியும்.

அதற்குக் காரணம் மாமன். அவர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். துளைபோடும் இரும்புக் குழாயான ராடு ஒன்று பூமிக்குள் இறங்கி முடிவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த ராடு மாட்டப் போக வேண்டும். சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணியாகிவிடும்; அந்த அவசரத்தில் வெட்டுப்பட்ட ராணியை எங்கே தேடிக்கொண்டிருப்பது? கைக்கு அகப்பட்ட யானையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அதுதான் ராணி. கோட்டை போல மொட்டைத் தலையோடு இருக்கும் அந்தக் காயை எங்கள் பக்கம் யானை என்போம்; தலைகீழாகவும் நன்றாக நிற்கும். மாமன் ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கும் அப்படியே பழக்கினார். உலகம் முழுக்க அப்படித்தான் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

அரை நிமிடம் மிச்சமிருக்கும்போது என் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனது. அவன் முன்பே வெட்டியிருந்த என் வெள்ளை ராணியைத் தேடினேன். அவன் பக்கம் இரண்டு சிப்பாயும் ஒரு யானையும்தான் கிடந்தன. யானையை எடுத்துக் கவிழ்த்து வைத்துக் கடிகாரத்தை அமுக்கினேன். அவனும் இடது கையால் தன் காயை நகர்த்தினான். அடுத்த நகர்த்தலில் அந்தக் கவிழ்ந்த யானையை மூலைவாட்டத்தில் நகர்த்தி ராஜாவை முடித்தேன். அவன் நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினான்.

நடுவர் வந்து பார்த்தார். "கவிழ்ந்தாலும் யானை யானைதாம்மா, மூலைவாட்டத்துல போகாது. ராணி கிடைக்கலன்னா கடிகாரத்த நிறுத்திட்டு என்னைக் கேட்டிருக்கணும்" என்றார். அந்தக் காலத்தில் வேக ஆட்டத்தில் ஒரே ஒரு தவறான நகர்த்தல் போதும், தோல்வி.

மாமன் விடவில்லை. "ஏனுங்க, மணிக்கணக்கா ஆடற ஆட்டத்துக்குப் போட்ட சட்டத்த அவசர ஆட்டத்துக்கும் வெச்சா எப்படீங்க?" என்று கேட்டார். ஐந்நூறு ரூபாய் கட்டி எழுதிக் கொடுத்தால் குழு விசாரிக்கும், நம் பக்கம் தீர்ப்பானால் பணம் திரும்ப வரும் என்றார் நடுவர். பஸ்ஸுக்குப் போக மாமனிடம் இருந்தது இருநூறு. சட்டைப் பையை இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

எதிரே அந்த அத்தா, மகனுடைய வலது கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயித்ததற்குக் கைகொடுக்கிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவர் எங்களிடம் வந்தார்.

"எவ்வளவு குறையுது?"

"முந்நூறுங்க பாய். ஆனா உங்க பையன் ஜெயிச்சது செல்லாதுன்னு தானுங்க எழுதப் போறோம்."

"தெரியும். எழுதுங்க."

கால் மணி நேரத்தில் குழு தள்ளுபடி செய்தது. ஐந்நூறும் போயிற்று. எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு சுவர்க்கடிகாரம். காய்களைப் பெட்டியில் போடும்போது வெள்ளை ராணியும் மேசைமேல் கிடந்தது. இத்தனை நேரம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

பஸ்ஸில் அழுதுகொண்டே சொன்னேன்: "எப்படியும் அவரு பையந்தான் ஜெயிப்பான்னு திமிருல குடுத்திருக்காரு மாமா."

"திமிருக்கு யாரும் முந்நூறு ரூவா குடுக்க மாட்டாங்க சாமி" என்றார் மாமன். எனக்கு அது ஏறவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது புதுச்சத்திரத்தில் தையல். சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் போட்டி நடந்தால் கடையை மூடிவிட்டுப் போய், ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் கூடுதலாக ஒரு வெள்ளை ராணி, ஒரு கறுப்பு ராணி வைத்துவிட்டு வருவேன். விதியையும் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். இப்போது முதல் தவறு மன்னிக்கப்படுகிறது, எதிராளிக்கு நேரம் மட்டும் கூட்டித் தருகிறார்கள். அது போதாது. வேக ஆட்டத்தில் கவிழ்த்து வைத்த யானை ராணிதான் என்று எந்த நடுவரிடமும் வாதாடுவேன்.

போன வருடம் எருமப்பட்டியில் ஒரு சின்னப் பெண், வெட்டிய ராணியை ஆட்டம் முடியும்வரை உள்ளங்கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தாள். அவளுக்கே அது நினைவில்லை. அவளுடைய அம்மா வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சேலத்துப் பையனின் வலது கை நினைவுக்கு வந்தது. அன்று அந்த அத்தாவும் கைகொடுக்கவில்லை, பிரித்திருக்கிறார்.

அவன் தெரிந்தே வைத்திருந்தானா, மறந்து வைத்திருந்தானா, தெரியாது. பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் முடியாமல் ஒரு மனிதர் பையில் கைவிட்டதைத்தான் நான் திமிர் என்று நினைத்தேன்.

மாமன் அவருடைய விலாசத்தை நுழைவுச் சீட்டின் பின்னால் எழுதி வாங்கியிருந்தார். அது சட்டையோடு துவைபட்டுப் போயிற்று. சேலம் போகும்போதெல்லாம் கடைவீதியில் ஒவ்வொரு ஜவுளிக்கடையாக எட்டிப் பார்க்கிறேன். முந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.